ஒரே ஆலை, ஒரே அடித்தளம், இரண்டு திரைகள்: கார் வாங்கும்போது கைப்பேசி இணைப்பின் மதிப்பு என்ன?

2024 செப்டம்பரில், மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் குடும்பம் பத்தாண்டுப் பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்காருக்கு மாறுவதென்று முடிவு செய்தது. பேட்டரியின் கொள்ளளவு, ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், மாதத் தவணை, பின்வரிசையில் குழந்தை இருக்கைகள் இரண்டு பொருந்துமா என்பது என ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்து வந்தபின் பட்டியலில் இரண்டு வண்டிகள் எஞ்சின. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) நிறுவனத்தின் செவர்லே பிளேசர் ஈவி, மற்றது ஹோண்டா புரோலாக். இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் மூன்று வாரம் முடிவெடுக்க முடியாமல் நின்றார்கள். கைப்பேசியைக் காரின் நடுத்திரையோடு இணைத்து ஆப்பிள் கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோவை ஓட்டும் வசதி புரோலாக்கில் இருந்தது. பிளேசர் ஈவியில் இல்லை. அந்த ஒரு வசதிக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதே கேள்வி. வண்டிகளின் மின்னணுப் பகுதிகளோடு பழக்கம் உள்ளவன் என்பதால் தங்கை என்னிடம் கேட்டாள். அவளுக்காகத் திரட்டியவற்றையும், அதன் பிறகு நடந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இதைத் தனியாக ஆராயத் தகுந்த நிகழ்வாக நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு கார்களை ஒப்பிடும்போது பொதுவாக மோட்டார் வேறு, பேட்டரி வேறு, ஆலை வேறு, அடித்தளம் வேறு என்று எல்லாமே மாறியிருக்கும். ஒரு வசதியின் விளைவை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்க இயலாது. பிளேசர் ஈவியும் புரோலாக்கும் அப்படியல்ல. இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அல்டியம் அடித்தளத்தில், அதாவது பேட்டரி, மோட்டார், சட்டகம் ஆகியவற்றின் ஒரே பொது அமைப்பின் மேல், எழுந்தவை. இரண்டும் மெக்சிகோவின் கொவாஹுவிலா மாநிலத்தில் ராமோஸ் அரிஸ்பே என்ற ஊரில் உள்ள அதே ஜி.எம். ஆலையில் தயாராகின்றன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் இரண்டிலும் 3,094 மில்லிமீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பிளேசரிலும், புரோலாக்கின் எல்லா வகைகளிலும் 85 கிலோவாட்-மணி பேட்டரியே இருக்கிறது. 2024 மாடலுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்ட தூரம், அந்தப் பிளேசருக்கு 279 மைல், நான்கு சக்கர விசை கொண்ட புரோலாக்கின் பெரும்பாலான வகைகளுக்கு 281 மைல். ஓட்டும் தூரத்தைச் சொல்லி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

திரையில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பிளேசரின் நடுத்திரை 17.7 அங்குலம், புரோலாக்கினது 11.3 அங்குலம். கூகுள் வரைபடமும் கூகுளின் குரல் உதவியும் வண்டிக்குள்ளேயே பதிந்து வருவது இரண்டிலும் உண்டு. ஆனால் ஹோண்டா அவற்றோடு கைப்பேசி இணைப்பையும் வைத்துக்கொண்டது, ஜி.எம். அதை எடுத்துவிட்டது.

கைப்பேசி இணைப்பு என்று நாம் சொல்லும்போது வண்டிக்குள் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் ஷோரூம்களில் ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பதையும் இதே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். கார்ப்ளேயிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கணக்கிடும் வேலை முழுவதும் கைப்பேசியில் நடக்கிறது. வழியைத் தேடுவதும், குரலைப் புரிந்துகொள்வதும், பாட்டை எடுத்துவருவதும் அதுவே. அது தயாரித்த படம் ஓடும் காணொளியாகக் காரின் திரைக்கு வருகிறது. நம் விரல் திரையில் எங்கே பட்டது என்ற செய்தி கைப்பேசிக்குத் திரும்பிப் போகிறது. கம்பியில் இணைத்தால் இந்தப் போக்குவரத்து யூஎஸ்பி வழியே நடக்கும். கம்பியில்லாமல் என்றால், ப்ளூடூத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு, பிறகு வைஃபைக்கு மாறிக்கொள்ளும். ஆகவே காரின் பங்கு ஒரு கண்ணாடியின் பங்குதான். கண்ணாடி பழசானாலும் அதில் தெரியும் முகம் புதிதாக இருக்கலாம். இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பும் அதில் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் கார்ப்ளே அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. 2015இல் ஹூண்டாய் சொனாட்டா வழியாக அது விற்பனைக்கு வந்த வண்டிகளுக்குள் நுழைந்தது. தங்கையின் பழைய கார் 2014இல் வாங்கியது, இந்த வசதி பரவுவதற்குச் சற்று முன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அதில் வரைபடம் ஓர் எஸ்டி கார்டில் இருந்தது. முதலில் சில ஆண்டுகள் பணம் கட்டிப் புதுப்பித்தார்கள்; பிறகு புதுப்பிப்பு வருவதே நின்றுவிட்டது. நெடுஞ்சாலையின் வெளியேறும் வழி இடம்மாறிய பின்பும் அந்தத் திரை பழைய வழியையே காட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரும் பிரேக்கும் நன்றாக இருந்த ஒரு வண்டியில் திரை மட்டும் முதலில் இறந்துபோனது. காற்றுத் துளையில் ஒரு பிடியை மாட்டி, அதில் கைப்பேசியை வைத்துத்தான் கடைசி ஐந்து ஆண்டுகளும் ஓட்டினார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்கு வெறும் வசதிக் கேள்வியாக இல்லாமல் போனதற்கு அந்த அனுபவமே காரணம்.

ஜி.எம். சொன்ன காரணங்கள்

2023 மார்ச் 31 அன்று, இனி வரும் தன் மின்கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று ஜி.எம். அறிவித்தது. முதலில் இந்த முடிவுக்கு உட்பட்ட வண்டி 2024 மாடல் பிளேசர் ஈவி. அதற்கு ஈடாக, கூகுள் வரைபடமும் கூகுளின் குரல் உதவியும் வண்டி வாங்குவோருக்கு எட்டு ஆண்டுகள் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் என்றது.

நிறுவனம் முன்வைத்த காரணங்களில் ஒன்றை நான் உண்மையாகவே மதிக்கிறேன். மின்காரில் வழி தேடுவதும் பேட்டரியும் பிரிக்க முடியாதவை. பேட்டரியில் எத்தனை விழுக்காடு மீதம் உள்ளது, குளிரில் அது எவ்வளவு வேகமாகக் குறையும், அடுத்த விரைவு சார்ஜருக்குப் போய்ச் சேருமுன் பேட்டரியைச் சூடாக்கி வைக்க வேண்டுமா என்பவற்றை வண்டிக்குள் பதிந்த வரைபடம் நேரடியாக அறியும். கைப்பேசிக்கு அவை தாமாகத் தெரிவதில்லை. கார் நிறுவனம் தர ஒப்புக்கொண்டால்தான் தெரியும். மிச்சிகனின் ஜனவரிக் குளிரில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. எனவே, கைப்பேசியே போதும், வண்டியின் வரைபடம் வீண் என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

ஆனால் இந்தக் காரணம், உள்வரைபடம் ஏன் தேவை என்பதற்கு விடையாகுமே தவிர, கைப்பேசி இணைப்பை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு விடையாகாது. இதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டாம். அதே ஆலையிலிருந்து வெளிவரும் புரோலாக் போதும். அதில் இரண்டும் இருக்கின்றன. நெடும்பயணத்தில் சார்ஜர்களைத் திட்டமிட உள்வரைபடத்தைத் திறக்கலாம். அன்றாடம் பள்ளிக்கும் கடைக்கும் போகும்போது தன் கைப்பேசியைத் திரையில் காணலாம். இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து வாழ முடியும் என்று ஜி.எம். ஆலையே நாள்தோறும் மெய்ப்பித்துக்கொண்டிருந்தது. ஜி.எம். நிறுவனத்தின் சொந்த பெட்ரோல் வண்டிகளிலும் அந்த ஆண்டுகளில் இணைப்பு தொடர்ந்தது.

இன்னொரு காரணமும் வந்தது. 2023 டிசம்பரில் ஜி.எம். அதிகாரி ஒருவர் ஒரு கார் இதழுக்கு அளித்த பேட்டியில், கைப்பேசி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது, படம் சரியாக வராமல் போகிறது, அப்படி ஆகும்போது ஓட்டுநர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறார், ஆகவே அது பாதுகாப்புக்குக் கேடு என்ற கருத்தைச் சொன்னார். அந்தக் கருத்து இன்னும் முறையாகச் சோதித்து நிறுவப்படவில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். எதிர்ப்பு எழுந்ததும், அவர் சொன்னது சரியாக எடுத்துக்காட்டப்படவில்லை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது.

அதே மாதத்தின் இறுதியில் நிகழ்ந்தது இந்த வாதத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்தது. பிளேசர் ஈவியை வாங்கிச் சோதித்துவந்த எட்மண்ட்ஸ் என்ற வாகன மதிப்பீட்டு நிறுவனம், இரண்டு மாதத்துக்குள் தன் வண்டியில் 23 கோளாறுகள் பதிவானதாக வெளியிட்டது. திரைகள் அணைந்துபோனதும் அவற்றுள் அடங்கும். வேறொரு செய்தியாளரின் நெடும்பயணச் சோதனையில் வண்டி சார்ஜ் ஏறாமல் வழியில் நின்றுபோனது. மென்பொருள் தரக் குறைபாடுகளைக் காட்டி ஜி.எம். அந்த வண்டியின் விற்பனையையே நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில், மென்பொருளைத் திருத்தி, விலையையும் குறைத்து மீண்டும் விற்பனையைத் தொடங்கியது. திருத்தியது பாராட்டத் தகுந்ததே. ஒரு நிறுவனம் விற்பனையை நிறுத்தித் தவறைச் சரிசெய்வது எளிய முடிவன்று. ஆயினும் வாங்குகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசி இணைப்பு உள்ள வண்டியில் உள்மென்பொருளின் வரைபடமோ பாட்டுச் செயலியோ சொதப்பினால் ஒரு மாற்று வழி இருக்கிறது. இணைப்பே இல்லாத வண்டியில் அந்த மாற்று வழி இல்லை. திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே அடித்தளத்தில் பிறந்த புரோலாக், அந்த 2024 மார்ச்சில்தான் வாடிக்கையாளர்களின் கைக்கு வரத் தொடங்கியது.

எட்டு ஆண்டும் பன்னிரண்டு ஆண்டும்

பணக் கணக்கைப் பார்க்காமல் ஜி.எம். முடிவைப் புரிந்துகொள்ள இயலாது. 2021 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம், இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் மென்பொருள், சேவைகள் வழியே ஆண்டுக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் வரை வருவாய் வரக்கூடும் என்று அந்த நிறுவனம் கூறியது. சந்தா வருவாய் வேண்டுமென்றால் திரை தன் வசம் இருக்க வேண்டும். கார்ப்ளே ஓடும் திரையில் ஓட்டுநர் பார்ப்பது ஆப்பிளின் கடையை. கார் நிறுவனத்தின் கடையை அன்று. வணிக நோக்கில் இதில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கின் மறுமுனையில் வாங்குகிறவரின் பணப்பை இருக்கிறது என்பதை வாங்குகிறவர் மறக்கக் கூடாது.

இதே ஆசையில் பி.எம்.டபிள்யூ முன்பே ஒரு முயற்சி செய்து பார்த்தது. கார்ப்ளே பயன்படுத்த ஆண்டுக்கு 80 டாலர் என்று அமெரிக்காவில் கட்டணம் வைத்தது. தங்கள் கைப்பேசியில் உள்ள வசதியைத் தங்கள் காரில் காண ஏன் வாடகை கட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்; 2019 டிசம்பரில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர் ஜிம் பார்லி 2023இல், திரையில் ஓடும் உள்ளடக்கத்துக்கான போட்டியில் கார் நிறுவனங்கள் பத்தாண்டுக்கு முன்பே தோற்றுவிட்டன என்ற பொருளில் பேசி, தங்கள் வண்டிகளில் இணைப்பு தொடரும் என்றார். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே நிலவரத்தைப் பார்த்து நேர் எதிரான முடிவுக்கு வந்திருக்கின்றன.

இப்போது அந்த எட்டு ஆண்டுக்கு வருகிறேன், ஏனெனில் தங்கையிடம் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024 கணக்கெடுப்பின்படி 12.6 ஆண்டுகள். ஒரு வண்டி அதற்கும் மேல் ஓடி, இரண்டாவது மூன்றாவது உரிமையாளரிடம் போவது அங்கே சாதாரணம். எட்டாம் ஆண்டு முடிந்தபின் வரைபடத்துக்கு என்ன கட்டணம், எந்த வேகத்தில் அந்தச் சிப் இயங்கும், வண்டிக்கு இணையத் தொடர்பு தரும் மோடம் பயன்படுத்தும் கைப்பேசி வலையமைப்புத் தலைமுறை அப்போதும் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விற்பனை மேசையில் விடை கிடையாது. இவை கற்பனையான அச்சங்கள் அல்ல. வண்டிக்குள் பதிந்த தொலைபேசி வழியே அவசர உதவி தரும் ஜி.எம். நிறுவனத்தின் ஆன்ஸ்டார் சேவையே இதற்குப் பழைய சான்று. 1996இல் அறிமுகமான அந்தச் சேவை, தொடக்கத்தில் அனலாக் கைப்பேசி வலையமைப்பில் ஓடியது. அமெரிக்காவில் அந்த வலையமைப்பை 2008 பிப்ரவரிக்குப் பிறகு நிறுத்திக்கொள்ள அனுமதி வந்ததும், டிஜிட்டலுக்கு மாற்ற இயலாத வண்டிகளில் ஆன்ஸ்டார் முற்றாக நின்றுபோனது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்டு டி என்ற கைப்பேசிச் சேவை நிறுவனம் தன் 3ஜி வலையமைப்பை மூடியபோதும் பல நிறுவனங்களின் வண்டிகள் இணையத் தொடர்பை இழந்தன. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது; அதற்குள் இருந்த தொலைபேசி மட்டும் காலாவதியானது.

கைப்பேசியை நாம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். அதன் சிப்பும் மோடமும் அப்போது தாமாகப் புதிதாகின்றன. அந்தப் புதுமையை 2024இல் வாங்கிய திரைக்கு 2034இலும் கொண்டுசேர்க்கும் ஒரே வழி இணைப்புதான். செயலிகளின் எண்ணிக்கை, திரையின் அங்குலம், சின்னங்களின் அழகு ஆகியவை இதற்கு முன் எனக்கு இரண்டாம் தரமாகவே தெரிகின்றன.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இணைப்பு முறையும் சாகக்கூடியதே. கார்ப்ளேக்கு முன்பே நோக்கியாவில் முளைத்து, பல கார் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட மிரர்லிங்க் என்ற முறை இருந்தது. 2020 ஜூனில் சாம்சங் தன் கைப்பேசிகளில் அதற்கான ஆதரவை நிறுத்தியபோது, அதை நம்பி வாங்கியவர்களின் திரை பயனற்றுப் போனது. நாளை ஆப்பிளோ கூகுளோ பழைய வண்டிகளைக் கைவிடாது என்று எவரும் உறுதி தர இயலாது. வேறுபாடு அளவில்தான். மிரர்லிங்கைப் பெரும்பாலான கைப்பேசிகள் ஏற்கவில்லை. இன்றைய இரண்டு முறைகளையோ உலகின் ஏறத்தாழ எல்லாக் கார் நிறுவனங்களும் எல்லாக் கைப்பேசிகளும் ஏற்றிருக்கின்றன. அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே நாளில் கைவிடுவது கடினம்.

கவனம், தகவல்

பாதுகாப்பைப் பற்றித் தங்கையின் கணவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. கைப்பேசியைத் திரையில் கொண்டுவருவது கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கும் வேலைதானே, அது இல்லாமல் இருப்பதே நல்லதல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2018இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வண்டிகளில், நிறுவனத்தின் சொந்தத் திரை அமைப்பையும் கைப்பேசி இணைப்பையும் ஒப்பிட்டார்கள். இணைப்பின் வழியே அழைப்பது ஐந்து விநாடி வரையும், வழியைப் பதிவது பதினைந்து விநாடி வரையும் விரைவாக முடிந்தது. மனத்தின் மேல் விழும் சுமையும் குறைவாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டு இணைப்பு பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். 2020 மார்ச்சில் பிரிட்டனின் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வகம் ஓட்டுநர்களை மாதிரி ஓட்டுமேடையில் சோதித்தது. எதிர்பாராத நிகழ்வுக்கு எதிர்வினை ஆற்றும் நேரம், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கும்போது 53 விழுக்காடும் குரலால் இயக்கும்போது 30 விழுக்காடும் கூடியது. கார்ப்ளேக்கு அவை 57, 36. சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவருக்குக் கூடுவதாக அதே அமைப்பு ஒப்பிட்டுக் காட்டிய அளவு 12 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி இதுதான்: ஓடும் வண்டியில் எந்தத் திரையைத் தொடுவதும் ஆபத்தே, தொட்டே ஆக வேண்டுமென்றால், பழகிய திரையில் வேலை சீக்கிரம் முடிகிறது. புறப்படும் முன்பே வழியைப் பதிந்துவிடுவது என்ற வழக்கத்தை அந்தக் குடும்பம் இந்த எண்களைப் பார்த்தபின் ஏற்படுத்திக்கொண்டது. வாங்குவதைப் பற்றிய பேச்சில் கிடைத்த இந்தப் பயன் எனக்கு வண்டியைவிடப் பெரிதாகப் பட்டது.

தகவல் திரட்டும் விஷயம் அப்போது புதிதாகச் சூடுபிடித்திருந்தது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஜி.எம். வண்டிகளில் உள்ள ஒரு சேவையின் வழியே மக்களின் ஓட்டும் பழக்கம் திரட்டப்பட்டு, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் விற்கும் நிறுவனங்களிடம் போனதை வெளியிட்டது. ஜி.எம். அந்தச் சேவையை நிறுத்தியது. பின்னர் 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. வண்டியின் இருப்பிடம் சில வேளைகளில் மூன்று விநாடிக்கு ஒருமுறை பதிவானதாக ஆணையம் குறிப்பிட்டது. இத்தகைய தகவலை மக்களைப் பற்றிய தகவலைத் தொகுத்து விற்கும் நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் தரக்கூடாது என்ற தடையும் வந்தது. இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். கைப்பேசியை இணைத்துவிட்டால் வண்டி தகவல் திரட்டாது என்பதல்ல. வண்டியின் மோடமும் உணரிகளும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கைப்பேசி நிறுவனங்களும் தம் பங்குக்குத் திரட்டும். எங்கே போனோம், யாரை அழைத்தோம், என்ன கேட்டோம் என்பதை ஒரு கணக்கில் கொடுப்பதா இரண்டு கணக்கில் கொடுப்பதா என்ற அளவிலேயே இணைப்பு இதில் மாற்றம் செய்கிறது. ஆகவே இந்தக் காரணத்துக்கு எங்கள் கணக்கில் சிறிய எடையே கொடுத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தகவல் பகிர்வுக்கு ஒப்புதல் கேட்கும் தாளைத் தனியாக வாங்கிப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சோதனையும் முடிவும்

அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தார்கள். நான் சொன்ன நிபந்தனைகள் சில. விற்பனையாளரின் கைப்பேசியை அல்லாமல் தங்கள் கைப்பேசியையே இணைக்க வேண்டும். தங்கையுடையது ஆண்ட்ராய்டு, அவள் கணவருடையது ஐபோன் என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றி. வண்டியை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்கி, கைப்பேசி பையில் இருக்கும்போதே தானாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவரும் கைப்பேசியோடு ஏறினால் வண்டி யாருடையதைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பின்நோக்கிச் செல்லும்போது கேமராப் படம் உடனே வருகிறதா, அழைப்பு நடக்கும்போது வழிகாட்டும் குரல் எப்படிக் குறுக்கிடுகிறது என்று கவனிக்க வேண்டும். நண்பகல் வெயில் திரையில் விழும்படி ஒருமுறை ஓட்ட வேண்டும். இவற்றோடு, பிளேசரில் உள்ள உள்வரைபடத்தை எந்தக் குறை கூறும் நோக்கமும் இல்லாமல் முழுதாக ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கவும் சொன்னேன்.

அன்றிரவு தங்கை அழைத்தாள். பிளேசரின் பெரிய திரையும் அதன் உள்வரைபடமும் தங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன என்றாள். சார்ஜ் மீதத்தோடு சேர்த்து வழி சொல்லும் விதம் இருவருக்கும் நிறைவாக இருந்ததாம். பிறகு, "அண்ணா, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நல்லா இல்லாமப் போற அன்னைக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாதே" என்றாள். பழைய காரின் எஸ்டி கார்டை அவள் மறக்கவில்லை. அதே உள்வரைபடத்தின் கூகுள் அமைப்பு புரோலாக்கிலும் இருந்தது. கூடவே வெளியேறும் வழி ஒன்றும் இருந்தது. திரை ஆறு அங்குலம் சிறியது என்பதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இணைப்பைப் பிறகு வெளியில் பொருத்திக்கொள்ளலாமே என்ற யோசனையும் எழுந்தது. ஜி.எம். மின்கார்களில் கார்ப்ளேயைச் சேர்க்கும் தனியார் கருவி ஒன்று அப்போதே சந்தையில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். திரை அமைப்போடு பாதுகாப்புக் கருவிகளும் பின்னிக் கிடக்கும் வண்டியில் வெளியார் கம்பி கோத்தால், நாளை ஏதேனும் பழுதானபோது உத்தரவாதம் பற்றிய வாக்குவாதம் எழும். 2025இல் மிச்சிகனின் பிளைமவுத்தில் ஒரு செவர்லே விற்பனையகம் அந்தக் கருவியைப் பொருத்தித் தந்துகொண்டிருந்ததை ஜி.எம். நிறுத்தச் செய்தது என்ற செய்தி வந்தபோது, அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை என்று தோன்றியது.

அவர்கள் புரோலாக்கைச் சொந்தமாக வாங்காமல் 36 மாத லீஸில், அதாவது மாதந்தோறும் பணம் கட்டி ஓட்டிவிட்டுக் காலம் முடிந்ததும் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில், எடுத்தார்கள். மின்கார்களின் மறுவிற்பனை விலை விரைந்து சரிந்துகொண்டிருந்த காலம் அது. சொந்த நிறுவனம் அல்லாத ஒருவரின் அடித்தளத்தில் ஹோண்டா எத்தனை நாள் நிற்கும் என்ற ஐயமும் எனக்கு இருந்தது. ஹோண்டாவின் சொகுசுப் பிரிவான அக்யுராவில், புரோலாக்கின் உடன்பிறப்பாக வந்த இசட்டிஎக்ஸ் 2025இல் நிறுத்தப்பட்டபோது, லீஸ் என்ற முடிவு நல்லதாகப் போயிற்று என்று இருவருமே சொன்னார்கள்.

2024 முழுவதற்குமான அமெரிக்க விற்பனைக் கணக்கு வந்தபோது புரோலாக் 33,017, பிளேசர் ஈவி 23,115 என்று இருந்தது. புரோலாக்கோ அந்த ஆண்டில் முழுப் பன்னிரண்டு மாதமும் விற்பனையில் இருக்கவில்லை. கைப்பேசி இணைப்பை விரும்புகிறவர்கள் இந்த எண்களை வெற்றிக்கொடியாகக் காட்டுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். பிளேசரின் விற்பனை ஆண்டின் தொடக்கத்தில் நின்றிருந்தது, ஹோண்டா கவர்ச்சியான லீஸ் விலை வைத்தது, ஹோண்டாவையே மீண்டும் மீண்டும் வாங்கும் குடும்பங்கள் ஏராளம், ஜி.எம். தன் பக்கத்தில் ஈக்வினாக்ஸ் ஈவி என்ற மலிவான வண்டியையும் அதே ஆண்டில் கொண்டுவந்தது, அதற்கும் இணைப்பு இல்லாமலேயே வாங்குவோர் வந்தார்கள். ஒரே ஆலையில் பிறந்த இரண்டு வண்டிகள்கூட விற்பனை மேசையை அடையும்போது ஒன்றுபோல் இருப்பதில்லை. பத்தாயிரம் வண்டி வேறுபாட்டில் எத்தனை ஆயிரம் கார்ப்ளேயால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இணைப்பு உள்ள வண்டியில் உள்வரைபடம் குறைவுபட்டுவிடவில்லை என்பதும், இணைப்பு இல்லாததால் பிளேசர் தொழில்நுட்ப அளவில் எதையும் கூடுதலாகப் பெற்றுவிடவில்லை என்பதும் மட்டுமே இந்த இணையிலிருந்து உறுதியாகத் தெரிகின்றன.

2025 அக்டோபரில் ஜி.எம். தலைவர் மேரி பாரா, வருங்காலத்தில் பெட்ரோல் வண்டிகள் உட்படத் தங்கள் எல்லா வண்டிகளிலிருந்தும் கைப்பேசி இணைப்பைப் படிப்படியாக எடுக்கப்போவதாகக் கூறினார். 2028இல் தொடங்கி வரவிருக்கும் புதிய மையக் கணினி அமைப்போடு இந்த மாற்றம் நிகழும் என்பது அவர்கள் திட்டம். ஏற்கெனவே விற்ற வண்டிகளில் உள்ள இணைப்பு தொடரும். தங்கையின் லீஸ் 2027 அக்டோபரில் முடிகிறது. அடுத்த வண்டிக்கான தாளை அவள் இப்போதே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பேட்டரி, தூரம், தவணை, குழந்தை இருக்கை என்ற பழைய வரிசைக்கு மேலே, முதல் வரியில், "எங்கள் போன் சேருமா, எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் தருவார்களா?" என்று இருக்கிறது.